அவரவர் பக்கம்

நேற்று மதியம் இங்கே எனக்குத் தரப்பட்ட சோற்றுப் பொதியில் பருப்பு நன்றாக வெந்திருந்தது. உப்பு மாத்திரம் சற்றுக் குறைவு. அதனைக் குறையாகச் சொல்லவில்லை, ஐயா. பலருக்குச் சமைக்கும் கை சில வேளை உப்பை மறக்கும். பொதியை விரித்துச் சுவரைப் பார்த்தபடி தனியே உண்டேன். தனியே உண்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம்.

நீங்கள் காரணம் கேட்டீர்கள். காரணத்தை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், எங்கள் வீட்டில் சோறு எவ்வாறு உண்ணப்பட்டது என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஆதலால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வீடு ஓர்ஸ் ஹில்லின் சரிவில், உள்துறைமுகத்தின் நீர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் உள்ளது. வீடு என்னுடையது. எங்கள் சமூகத்தில் வீடு பெண்ணுக்கே எழுதப்படும். மணமுடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குச் சென்று வாழ்வான். என் பெற்றோரும் அம்முறைப்படியே வீட்டை எனக்கு எழுதிவைத்தனர். மாப்பிள்ளைகள் பலர் பேசி வந்தனர். நான் ஒருவரையும் ஏற்கவில்லை. வாப்பாவை அடுத்து உம்மாவும் மௌத்தாகி எங்களைப் பிரிந்தபோது என் தம்பி இன்ஷாப் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடத் தெரியாத வயதினன். வீட்டுக்குள் ஒரு மாப்பிள்ளை வந்துவிட்டால், என் தம்பி அம்மனிதனின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சோறு உண்ண நேர்ந்திருக்கும். அதனை நான் விரும்பவில்லை.

இன்ஷாப் வளர்ந்து படகு இயந்திரம் திருத்தும் தொழிலைக் கற்றான். மீன்பிடித் துறையில் அவனைத் தேடாத படகுக்காரர் இல்லை. மாலையில் டீசல் மணத்துடன் வருவான். கிணற்றடியில் கை கழுவியதும், விரல்களை அக்காளாகிய என் மூக்கின் அருகே நீட்டி, "ராத்தா, போயிட்டா பாருங்க" என்பான். நான் முகர்ந்து பார்த்து அனுமதித்த பின்னரே உணவுக்கு உட்காருவான். மணமுடித்த பின்னரும் அவன் அவ்வாறே செய்தான் என்பதை இவ்விடத்தில் குறிப்பிடுதல் பொருத்தமாகும்.

அவனுக்குத் தோப்பூரில் பெண் எடுத்தோம். பெண்ணின் பெயர் றஹ்மா. அவளுடைய தந்தை முத்தலிப், வயல் செய்பவர். மகளுக்கென அவர் கட்டத் தொடங்கிய வீடு கலியாணத்தின்போது சுவர் மட்டத்தில் நின்றது. வெள்ளம் வயலை அழித்தது. பின்னர் சீமெந்து கிடைக்கவில்லை. எனவே வீடு முடியும்வரை மணமக்கள் என்னுடன் இருப்பது என்று பேசி முடித்தார்கள். வீடு முடியவே இல்லை. அவர்களுடைய மகள் ஷிஃபானா என் வீட்டிலேயே பிறந்து, நடை பயின்று, பள்ளிக்கூடமும் போகத் தொடங்கினாள். முத்தலிப்பின் கூரையில்லாச் சுவர்களுக்காக நான் தொழுகையில் நன்றி செலுத்தியதுண்டு.

இனி, சஹன். உங்கள் வீட்டில் இவ்வழக்கம் இல்லாதிருக்கலாம். சஹன் என்பது நால்வர் ஐவர் சுற்றியிருந்து ஒன்றாக உண்ணும் பெரிய வட்டத் தட்டு. பல வீடுகளில் அது கலியாணத்துக்கும் நோன்புக்கும் மாத்திரம் வெளியே வரும். எங்கள் வீட்டில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், இன்ஷாப் ஜும்ஆத் தொழுகை முடித்து வந்தவுடன், பாயை விரித்துச் சஹனை வைப்பேன். அடுப்பு உள்ள குசினிப் பக்கம் நான். எனக்கு எதிரே இன்ஷாப். சன்னலருகே றஹ்மா. அவளுக்கு எதிரே பிள்ளை. தட்டு ஒன்றாயினும் அதில் நான்கு பக்கங்கள் உண்டு. இன்ஷாப்பின் பக்கத்தில் முள் நீக்கிய மீன். பிள்ளையின் பக்கத்தில் உறைப்பில்லாத சொதி. றஹ்மாவின் பக்கத்தில் பூசணிக்காய்ப் பால்கறி, அவள் வயல்காட்டுப் பெண் ஆதலால். ஒருவருடைய குழம்பு மற்றவருடைய சோற்றில் படராதவாறு படைப்பதற்குக் கை பழக வேண்டும்.

சஹனில் உண்பதற்கு ஓர் ஒழுக்கம் உண்டு. அவரவர் தமக்கு முன்னால் உள்ளதையே உண்ண வேண்டும். பிறர் பக்கத்தில் கை நீட்டலாகாது. ஒரு நல்ல துண்டை அன்பினால் மற்றவர் பக்கத்துக்குத் தள்ளிவிடலாம்; அதனைப் பெற்றவர் மறுக்கலாகாது. இவ்வளவே. இதனை நான் இன்ஷாப்புக்குக் கற்பித்தேன். பின்னர் அவனுடைய மகளுக்கும் கற்பித்தேன். மகள் தந்தையினும் நன்றாகக் கற்றாள்.

இன்ஷாப்பிடம் ஒரு விளையாட்டுக் குணம் இருந்தது. வேண்டுமென்றே அடுத்தவர் பக்கத்தில் ஒரு விரலை வைப்பான்.

"மாமி, வாப்பா எண்ட பக்கத்துல களவெடுக்கிறார்!" என்று பிள்ளை கூவுவாள்.

நான், "வை அத" என்பேன். அவன் வைத்துவிடுவான்.

"ராத்தாட சஹனுக்குப் பொலிஸும் இரிக்கு, கோர்ட்டும் இரிக்கு. எல்லை தாண்டினா புடிச்சு மறியல்ல போடுவா மகள்," என்று சொல்லிச் சிரிப்பான்.

ஒவ்வொரு வெள்ளியும் இது நடக்கும். அவன் எடுப்பான், நான் சொல்வேன், அவன் வைப்பான். என் வாழ்வில் வேறு எதனையும் நான் விரும்பியதில்லை.

சென்ற ஆண்டு முத்தலிப்பின் வீட்டுக்குக் கூரை போட்டார்கள்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்து கதிரையில் அமர்ந்து, தேநீரை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, குடிபுகும் நாளைச் சொன்னார். றஹ்மாவின் முகம் மலர்ந்தது. அதனை நான் குற்றமாகக் கொள்ளவில்லை. தன் வீட்டை விரும்பாத பெண் யார்? ஆயினும் அன்று உண்ணும்போது அவள் சொன்ன ஒரு வார்த்தையை நான் கவனித்தேன்.

"அங்க போனா தனித்தனியாத் தின்ன ஆளுக்கொரு பீங்கான் வாங்கணும் மதினி. ஷிஃபானாட கூட்டாளிப் புள்ளைகள் வந்தா சஹனப் பார்த்துச் சிரிக்குங்கள்."

"எனக்குப் பூப்போட்ட பீங்கான்," என்றான் இன்ஷாப். விளையாட்டாகவே சொன்னான். இருப்பினும் சொன்னான்.

முத்தலிப் அன்று நகரத்தில் தம் வயலுக்குப் பூச்சி மருந்து வாங்கியிருந்தார். பைகளுள் ஒன்றை எங்கள் விறாந்தையில் மறந்துவிட்டுப் போனார். பின்னர் தொலைபேசியில் கேட்டார். நான் காணவில்லை என்றேன். உங்கள் மேசையில் இருக்கும் போத்தல் அதுவே. அரிசி வாளியின் பின்னால் அது இருந்தது என்று உங்கள் ஆட்கள் எழுதியிருப்பது சரியானது.

முதலாவது முறை மிகச் சிறிதளவே சேர்த்தேன். பூசணிக்காய்க் கறியில், சன்னலருகே உள்ள பக்கத்தில். றஹ்மா வாந்தியெடுத்துப் படுத்தாள். குடிபுகுதல் பின்போடப்பட்டது. அவளுடைய தலையை மடியில் வைத்து, கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினேன். அழுக்கான துணிகளை என் கையாலேயே துவைத்தேன். இவை நடிப்பு என்று நீங்கள் எண்ணக்கூடும். அல்ல. நோயுற்றவர்களைப் பராமரிப்பதில் எனக்கு எக்காலமும் விருப்பம் உண்டு.

டொக்டர் ஒருவரிடம் காட்டினோம். பெயர் வேண்டியதில்லை, நல்ல மனிதர், எங்கள் சமூகத்தைச் சேர்ந்தவர். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். சஹனில் சாப்பிட்டோம் என்று இன்ஷாப் சொன்னான். அவர் பேனாவை வைத்துவிட்டார்.

"ஒரே சஹன்லயா? அப்ப சாப்பாடு இல்ல. சாப்பாடெண்டா நாலு பேரும் விழுந்திருப்பீங்க. இது வயித்துப் புண். இரத்தமும் குறைவு."

படித்த மனிதர் அவ்வாறு கூறியபோது எனக்கே ஒரு கணம் அது உண்மையாகத் தோன்றியது.

அறுவடைக்குப் பின் மறுபடியும் நாள் குறித்தார்கள். மறுபடியும் றஹ்மா நோயுற்றாள். மறுபடியும் நான் பார்த்துக்கொண்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எங்கள் இருவருக்கும் இடையில் இருந்த சிறு கசப்பும் அதனுடன் நீங்கிற்று. பீங்கான் பேச்சை அவள் பிறகு எடுக்கவில்லை. வீடு அமைதியாயிருந்தது. அந்த மாதங்களைப் போல் நிறைவான மாதங்களை நான் அறிந்ததில்லை.

முத்தலிப் பொறுமையற்ற மனிதர். மூன்றாவது முறை வந்தபோது அவர் கதிரையில் அமரவில்லை.

"நோயாளியெண்டாலும் சரி, வேனுக்குள்ள பாய் விரிச்சுப் படுக்கவெச்சுக் கொண்டு போவன்," என்றார். "எண்ட வூட்டுத் தண்ணி குடிச்சா எண்ட புள்ளைக்குச் சுகம் வரும்."

அவர் கூறியதில் தவறில்லை என்பதை நான் இப்போது ஏற்கிறேன். ஆனால் அவருடைய சொல் என்னை ஒரு முடிவுக்குத் தள்ளிற்று. நோய் இனிப் போதுமானதன்று என்பது தெளிவாயிற்று. றஹ்மா இல்லாவிடின், தோப்பூர் வீட்டில் இன்ஷாப்புக்கு உரிமையுமில்லை, வேலையுமில்லை. பிள்ளைக்கும் வளர்க்கும் கை தேவைப்படும். இதனைக் கோபமின்றியே சிந்தித்தேன். எங்கள் சிவப்புக் கோழிக்கு முதலில் கொடுத்துப் பார்த்தேன். கோழியை முருங்கையடியில் புதைத்துவிட்டு, நரி கொண்டுபோய்விட்டது என்று பிள்ளையிடம் சொன்னேன். "டவுனுக்குள்ள ஏது மாமி நரி?" என்றாள். கெட்டிக்காரப் பிள்ளை.

டொக்டர் றஹ்மாவை ஈரல் உண்ணச் சொல்லியிருந்தார். அவர்கள் புறப்படுவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, அவளுக்கென்று மாத்திரம் சிறிது ஈரல் வாங்கி, மிளகு போட்டுச் சமைத்து, அவளுடைய பக்கத்தில் வைத்தேன். மற்ற மூன்று பக்கங்களிலும் வழக்கமான கறிகள். கடைசிச் சஹன் என்று இன்ஷாப் துறையிலிருந்து பெரிய கொடுவா மீன் ஒன்றும் கொண்டுவந்திருந்தான். நல்ல வெயில். துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதிற்று. பிஸ்மி சொல்லிக் கை வைத்தோம்.

றஹ்மா ஈரலைத் தொடவில்லை. அதனை அப்படியே நான்கு விரல்களாலும் கூட்டி, சோற்றின் நடுவே நகர்த்தி, என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"மதினி, போற நேரத்துல சொல்லுறன். எண்ட உம்மாவும் என்ன இப்பிடிப் பார்த்திருக்கமாட்டா. இது உங்களுக்கு. மறுக்கக்கூடா."

அவளுடைய கண்கள் நிறைந்திருந்தன. இவ்வொழுக்கத்தையும் அவளுக்கு நானே கற்பித்திருந்தேன்.

"எனக்கு ஈரல் ஒத்துக்கொள்ளாது புள்ள," என்றேன். அவ்வாறு சொல்லிவிட்டு என் சோற்றை ஒரு கவளம் வாயிலிட்டேன்.

"ராத்தாக்கு ஒத்துக்கொள்ளாத எல்லாம் எனக்கு ஒத்துக்கொள்ளும்," என்றான் இன்ஷாப். எட்டி, என் பக்கத்திலிருந்த ஈரல் முழுவதையும் வழித்தெடுத்தான். சோற்றுடன் சேர்த்து உருட்டினான்.

"மாமி, வாப்பா களவு! உங்கட பக்கத்துல களவு!"

அவன் அதனை உடனே உண்டுவிடவில்லை. இதனை நான் மறைக்க விரும்பவில்லை. உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தான். சிறு வயதில் பார்ப்பது போலவே, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். "பார் மகள், இப்ப ராத்தா தீர்ப்புச் சொல்லுவா," என்றான். நான் சொல்ல வேண்டிய சொல் எதுவென்பது நால்வருக்கும் தெரியும். ஒவ்வொரு வெள்ளியும் சொல்லிய சொல். அதனைச் சொல்லியிருந்தால் ஒருவரும் ஐயுற்றிருக்கமாட்டார்கள். அவன் வைத்திருப்பான். நான் அதனை ஒதுக்கிக் குப்பையில் இட்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை அவன் தோப்பூருக்குப் போயிருப்பான். அங்கே பூப்போட்ட பீங்கானில் உண்டிருப்பான்.

நான் சொல்லவில்லை. என் வாயில் சோறு இருந்தது. வாயில் சோற்றுடன் பேசுவது எங்கள் வீட்டுப் பழக்கமன்று.

அவன் சற்று ஏமாற்றத்துடன், "என்ன ராத்தா, இண்டைக்கு வழக்கில்லையா?" என்று கேட்டான். பின்னர் உண்டான். நன்றாயிருக்கிறது என்றும் சொன்னான்.

மாலை அஸர் தொழுகைக்குப் பின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அன்று இருட்டுவதற்குள் முடிந்துவிட்டது. அதே டொக்டர் வந்து பார்த்தார். நால்வரும் ஒரே சஹனில் உண்டதை மீண்டும் கேட்டறிந்து, மாரடைப்பு என்றார். மறுநாள் காலையில் நகரத்து மையவாடியில் அடக்கினார்கள். முத்தலிப் தோப்பூரில் அடக்க விரும்பினார். நான் சம்மதிக்கவில்லை. மையவாடி எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது.

கணவனை இழந்தவள் அவனுடன் வாழ்ந்த வீட்டிலேயே துக்கம் காத்து இத்தா இருக்க வேண்டும். ஆகையால் றஹ்மா போகவில்லை. நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து என் வீட்டில் இருந்தாள். பிள்ளையும் இருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் நான் சஹன் வைத்தேன். எனக்கு எதிரே இருந்த பக்கத்திலும் சோறு படைத்து, முள் நீக்கிய மீனை வைத்தேன். முதலில் றஹ்மா அதனைப் பார்த்து அழுதாள், பிறகு பழகிவிட்டாள். உண்டு முடித்ததும் அப்பக்கத்தைக் காகங்களுக்கு இடுவேன். துயரம் இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் வீடு கலையாமல் இருந்தது.

இத்தா முடியும் காலம் நெருங்கிற்று. முத்தலிப் வேனைப் பேசிவைத்தார்.

சென்ற வெள்ளிக்கிழமை அவர் வந்து முன்னறையில் அமர்ந்திருந்தார். தாம் ஏற்கெனவே உண்டுவிட்டதாகச் சொன்னார். நான் பாயை விரித்தேன். பிள்ளை எனக்கு உதவியாகத் தண்ணீர்க் குவளைகளை வைத்துக்கொண்டே, யாரையும் குறிப்பாகப் பாராமல் கேட்டாள்:

"மாமி, வாப்பா கடைசியாத் திண்ட ஈரல் உம்மாட பக்கத்து ஈரல்தானே?"

"ஓம் மகள்."

"உங்கட பக்கத்துக்கு வந்து, பிறகுதானே வாப்பா எடுத்தார்? நீங்க ஏன் மாமி அண்டைக்கு மட்டும் 'வை அத' எண்டு சொல்லல்ல?"

நான் குவளையை நேராக வைத்தேன். றஹ்மா கதவருகே நின்றிருந்தாள். வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். நான் சஹனைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். அவள் தன் முன்னால் இருந்த பூசணிக்காய்க் கறியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் நோயுற்ற வெள்ளிக்கிழமைகளை அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறாள் என்பதை அவளுடைய முகத்திலிருந்து அறிந்தேன். பின்னர் சஹனின் விளிம்பை இரு கைகளாலும் பிடித்து, மெதுவாகச் சுற்றினாள். சன்னலருகே இருந்த பக்கம் என் முன்னால் வந்து நின்றது.

"தின்னுங்க மதினி," என்றாள்.

"உம்மா, அது மாமிட பக்கம் இல்ல," என்றாள் பிள்ளை.

"அவரவர் பக்கத்திலதான் தின்னோணும் புள்ள," என்று நான் அமைதியாகச் சொன்னேன்.

"இப்ப இதுதான் உங்கட பக்கம். ஒரு வாய் தின்னுங்க. திண்டா நான் உங்கட கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கிறன். ஒரு வாய்."

எனக்குப் பசியில்லை என்றேன். பிள்ளை தன் பக்கத்துச் சோற்றில் கை வைக்கப் போனாள். றஹ்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் பிள்ளைக்கு நொந்திருக்க வேண்டும், அழுதுவிட்டாள். பிறகு றஹ்மா எழுந்து, சஹனின் மேல் பன்னால் பின்னிய மூடியைக் கவிழ்த்து, "வாப்பா, இஞ்ச வாங்க" என்று அழைத்தாள். முத்தலிப் அதனை அப்படியே மூடியுடன் வேனில் ஏற்றி உங்களிடம் கொண்டுவந்தார். அவ்வளவு தூரம் சோறு சிந்தாமல் கொண்டுவந்தார் என்பது வியப்புக்குரியது.

உங்கள் ஆய்வு இன்னும் வரவில்லை என்றீர்கள். அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கறியில் மருந்து இருந்தது. கோழிக்கு இட்ட அதே அளவு. றஹ்மா இறக்க வேண்டும் என்றே இட்டேன். சென்ற வெள்ளியும் அவ்வாறே, இன்ஷாப் உண்ட அன்றும் அவ்வாறே. அவன் கையில் இருந்தது என்னவென்று தெரிந்தும் அவனை உண்ணவிட்டேன். இதில் வேறு எவருக்கும் பங்கில்லை. டொக்டரைத் துன்புறுத்த வேண்டாம். அவர் சஹனில் உண்டு வளர்ந்தவர். அவருக்கு வேறு விதமாகச் சிந்திக்க வராது.

இன்ஷாப் தோப்பூருக்குப் போகவில்லை. இதனை நான் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

ஒரு வேண்டுகோள் உண்டு. ஷிஃபானா இப்போது தோப்பூரில் இருக்கிறாள். தனிப் பீங்கானில் உண்கிறாள் என்று கேள்விப்பட்டேன். என்னைப் பற்றி அவளிடம் பலரும் பலவாறு கூறுவார்கள். வளர்ந்து அவள் உங்களிடம் வந்து கேட்டால், ஒன்றை மாத்திரம் எடுத்துச் சொல்லுங்கள், ஐயா. அவளுடைய மாமி பிறர் பக்கத்தில் ஒருநாளும் கை வைத்ததில்லை.